சின்னக் கூச்சம்

ஏரி திறக்கும் நாளில் எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஒரு சட்டி இருக்கும். கழுவிய வெறுஞ்சட்டி, மூடியில் வீட்டுக்காரர் பெயர். என் கணவர் துவாரகன் விடிய எழும்பி, தள்ளுவண்டியில் அவற்றைச் சேர்த்துக்கொண்டு வருவார். மத்தியானம் மீன் வந்ததும் நான் வெட்டிப் பிரித்து, சட்டிகளில் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். ஏரியில் பனி உடைந்து இளவேனில் வந்ததற்கு எங்கள் கரடியேரி ஊரில் அதுதான் அடையாளம்.

ரொறன்ரோவில் கோடையில் மனிதர் இருக்கேலாது என்றான பிறகு வடக்கே ஏறி வந்த சனம் நாங்கள். கடையில் வருடம் முழுக்க வார்ப்பு மீன் கிடைக்கும். ஆய்வுகூடத்தில் வளர்த்து அச்சில் வார்த்த தசை. முள்ளும் இல்லை, உயிரும் இல்லை, உண்மையைச் சொன்னால் ருசியும் இல்லை. ஏரி மீன் இளவேனிலில் மட்டும், அதுவும் தெருவுக்கு இரண்டு. ஒன்று ட்ரவுட். மற்றது வெள்ளைக்காரர் வால்ஐ என்பார்களே, அது. இரவில் வெளிச்சம் பட்டால் அதன் கண் மினுங்கும் என்பதால் எங்கள் ஆட்கள் அதற்குப் பூனைக்கண்ணன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பூனைக்கண்ணன் சொதிக்காக நான் பல்லையும் கழற்றிக் கொடுப்பேன்.

அன்று காலை சட்டிகள் வந்துவிட்டன, ஆளைக் காணவில்லை. பார்த்தால் மனிசன் களஞ்சிய அறையில் என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, இரைப் பெட்டிக்குள் எதையோ ஒளித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, என்ன அது?"

"ஒண்டுமில்லை. புழு."

புழு பார்க்கிற ஆளுக்கு ஏன் காது சிவக்கிறது? பெட்டியைப் பறித்துத் திறந்தேன். புழுவுக்குப் பக்கத்தில் ஒரு குளிசைப் பட்டை. நாடித்துடிப்பை அமுக்கிக் காட்டும் மாத்திரை.

பனிக்காலத்தில்தான் அவருக்கு நெஞ்சுவலி வந்து, ஹெலிகொப்டரில் தூக்கிக்கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், இனி மீன்பிடிக்கக் காப்புப் போடக்கூடாது, போட்டால் இதயம் நின்றுவிடலாம் என்று. இறங்குதுறையில் நிற்கும் உணர்கம்பம் காப்புப் போட்டவரின் நாடியைப் பார்த்துத்தான் படகை அவிழ்த்துவிடும். அதை ஏய்க்கத்தான் இந்தக் குளிசை.

"உங்களுக்கென்ன விசரே?"

"ஏன் கத்துறீர்?"

"கத்தாமல் கும்பிடவோ? டொக்டர் சொன்னது காதில விழேல்லையோ?"

"யதுஷாவுக்குச் சொல்லிப்போட்டன், ஆரபி. பிள்ளைத்தாச்சி. வாய்க்கு ஒண்டும் பிடிக்குதில்லையாம், ஏரி மீன் ஒரு துண்டு எண்டாலும் வேணுமாம். அந்தப் பிள்ளை கேட்டு எப்படி இல்லையெண்டுறது?"

யதுஷா எங்கள் அடுத்த வீட்டுக்காரி. தாய் தகப்பன் தூரத்தில். அன்ரி, அங்கிள் என்று எங்களோடேயே ஒட்டிக்கொண்டு திரிகிறவள். அவளுடைய சட்டிதான் தள்ளுவண்டியில் முதலாவதாக இருந்தது.

காப்பு என்று நாங்கள் சொல்வது உணர்பட்டையை. அரசாங்கம் தூண்டில் முள்ளின் நுனியில் ஓர் உணரியை வைத்திருக்கிறது. மீன் கௌவியதிலிருந்து உயிர் போகும்வரை அதற்கு என்ன நடக்கிறதோ, அது காப்புப் போட்டவரின் உடம்பில் வந்து இறங்கும். உணர்பகிர்வுச் சட்டம். ஓர் உயிரைத் தின்கிறவன் அதன் முடிவை உணர்ந்துவிட்டுத் தின்னட்டும், அல்லது அவனுக்காக இன்னொருவர் உணரட்டும். இந்த 'அல்லது' என்ற ஓட்டையைப் பிடித்துக்கொள்ள எங்கள் சனத்துக்குச் சொல்லியா கொடுக்கவேண்டும்? தெருவுக்கு ஓர் ஆளைப் பிடித்து, தாங்கி என்று பட்டம் கொடுத்து, மீன் தலை அவருக்கே என்று மரியாதையும் செய்து, தாங்கள் சட்டியை வாசலில் வைத்துவிட்டு இருந்துகொண்டார்கள். எங்கள் தெருத் தாங்கி என் கணவர். நானும் சட்டி வைத்த ஆள்தான். சட்டி மட்டும் வீட்டுக்குள் இருந்தது.

எப்படி இருக்கும் என்று யார் கேட்டாலும் அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார். "ஒண்டுமில்லை. சின்னக் கூச்சம்." மற்றத் தெருத் தாங்கிமார் ஏதோ போருக்குப் போய்வந்த மாதிரிக் கதை அளக்கும்போது இவர் இப்படிச் சொல்வது எனக்குப் பெருமையாகவும் இருக்கும், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருக்கும்.

"சின்னக் கூச்சம்தானே," என்றேன். "காப்பை இஞ்ச தாங்கோ. நான் போடுறன். நீங்கள் தூண்டிலைப் பிடியுங்கோ."

"நீரோ?"

"ஏன், எனக்குக் கையில்லையோ?"

"வேண்டாம்."

"அப்ப நீங்களும் போகேலாது. ரெண்டில ஒண்டு."

அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். கடைசியில் காப்பை எடுத்து என் கையில் தந்தார். சின்னக் கூச்சத்துக்கு டொக்டர் ஏன் அவ்வளவு பயந்தார் என்று யோசிக்கிற மூளை எனக்கு அன்று இருக்கவில்லை. அந்த டொக்டர் தேங்காய்ப்பாலையும்தானே மறித்தவர்.

கம்பம் என் நாடியைப் பார்த்துப் பச்சை காட்டியது. படகு தானாக அவிழ்ந்துகொண்டது. கரையோரத்தில் அழுக்குப் பனி இன்னும் கொஞ்சம் கிடந்தது, நடு ஏரி கறுத்துத் தெளிந்திருந்தது. நான் பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினேன். காப்பு மணிக்கட்டில் சில்லென்று கிடந்தது. எனக்குச் சின்னதாக ஒரு குதூகலம்கூட இருந்தது, அதை ஏன் மறைப்பான்.

"ஆழத்தில ட்ரவுட் இருக்கும்," என்று சொல்லித் தூண்டில் நூலை இறக்கினார். "ஏலாட்டிச் சொல்லும். உடனே நூலை வெட்டிவிடுவன்."

"நூலை வெட்டினா?"

"மீன் போயிடும். சட்டம் அதுக்கு விடும்."

முதலில் வந்தது வலி இல்லை. சத்தியமாக நான் நினைத்திராதது. முதலில் வந்தது பசி. ஒரு முழுப் பனிக்காலத்துப் பசி, அடிவயிற்றிலிருந்து. அதன் மேலே ஒரு சந்தோசம். சாப்பாடு கிடைத்துவிட்டது என்கிற, வேறெதுவுமே கலக்காத சந்தோசம். நான் அப்படிச் சந்தோசப்பட்டு எத்தனை காலம்! வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தாடையில் முள் ஏறியது.

தேத்தண்ணிக் கோப்பை எங்கே போனதென்று தெரியாது. என் உடம்பு முழுக்க ஒரே தசையாகி முறுக்கியது. கீழே போ, கீழே போ என்று உயிர் கத்துகிறது, தாடை மேலே போகிறது. ட்ரவுட் கடைசிவரை விட்டுக்கொடுக்காத சாதி. பிறகு காற்று. மூச்சுவிடுகிற காற்றில் மூச்சுத் திணறுவது என்றால் என்னவென்று இனி யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. அவர் சின்னத் தடியால் மீனின் தலையில் ஒரே அடி. எல்லாம் நின்றது. படகின் அடியில் நான் முழங்காலில் கிடந்தேன். முகம் முழுக்கக் கண்ணீரும் சளியும்.

"சின்னக் கூச்சமோ?" என்று கேட்டேன். அவரை அறையவேண்டும் போல எனக்கு இருந்தது. "இதுவோ உங்கட சின்னக் கூச்சம்?"

அவர் என் தோளைப் பிடித்துத் தூக்கி இருத்தினார். எனக்கு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் ஞாபகம் வந்தது. ஏரி திறந்த நாட்களில் அவர் மீன் தொடமாட்டார். வயிறு சரியில்லை, வாய்வு என்று சொல்லிச் சோறும் பருப்பும் தின்பார். தாங்கிக்கு உரிய தலையை என் சாப்பாட்டுக் கோப்பைக்குத் தள்ளிவிடுவார். "மினக்கெட்டுச் சமைக்கிறன், மனிசனுக்கு நாக்குச் செத்துப்போச்சு" என்று நான் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எத்தனையோ இளவேனில்களில் அந்தத் தலைகளை உறிஞ்சி உறிஞ்சித் தின்றிருக்கிறேன்.

"போதும்," என்றார். "காப்பைக் கழட்டித் தாரும். பூனைக்கண்ணனை நான் பாக்கிறன்."

"நீங்கள் பாப்பியள். பிறகு உங்களை யார் பாக்கிறது?"

"யதுஷா ட்ரவுட் தின்னமாட்டாள், ஆரபி. அந்த மணம் அவளுக்கு ஒத்துவராது. பூனைக்கண்ணன்தான் கேட்டவள்."

அவருடைய கை என் மணிக்கட்டை நோக்கி வந்தது. பயம் இல்லாத மனிசன் இல்லை அவர். பயந்துகொண்டேதான் இத்தனை காலமும் போய்வந்திருக்கிறார். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். திரும்பிப் போவோம் என்று சொல்ல வாய் உன்னியது. ஆனால் இந்த மனிசனை எனக்குத் தெரியும். இன்றைக்குத் திரும்பினால் நாளைக்கு எனக்குத் தெரியாமல் வருவார். குளிசையையும் போட்டுக்கொண்டு தனியே வருவார்.

"தூண்டிலைப் போடுங்கோ," என்றேன். "இன்னும் ஒரு கதை கதைச்சியளோ, ஏரிக்குள்ள தள்ளிவிடுவன்."

கல்லுப்பாறைப் பக்கம் படகை விட்டார். பூனைக்கண்ணன் வேறு மாதிரி. அதே பசி, அதே சந்தோசம், அதே முள். ஆனால் இது சண்டை பிடிக்கவில்லை. பாரமாக, எதுவும் விளங்காமல், இழுத்த பக்கம் வந்தது. தாங்கிவிடலாம் என்று நினைத்தேன். அப்போது மேலே வெளிச்சம் தெரிந்தது.

அது இருட்டில் வாழப் பிறந்த கண். அதற்குள் ஒரு காலை வெயில் முழுவதையும் கொட்டினால் எப்படி இருக்கும்? நான் என் கண்ணை இறுக்கி மூடினேன். பிரயோசனமில்லை. கூசுவது என் கண் இல்லையே. மண்டைக்குள் வெள்ளையாக எரிந்தது. வெட்டுங்கோ, நூலை வெட்டுங்கோ என்று கத்தப்போனேன். சத்தம் வரவில்லை.

திடீரென்று குளிர்ந்தது. இருட்டு வந்தது. ஈரமான, மெதுவான, வடிவான இருட்டு. கண்ணின் மேலே ஏதோ பொத்திக்கொண்டிருந்தது, அழுத்தாமல். அதற்குள் அந்த மீன் அமைதியாகியது. நானும் அமைதியானேன். அந்த அமைதிக்குள்ளேயே முடிந்தும் போனது.

கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் மீனின் மேல் குனிந்திருந்தார். ஏரித்தண்ணியில் நனைத்த உள்ளங்கை இன்னும் அதன் கண்ணைப் பொத்தியபடி இருந்தது. இந்தப் பழக்கத்துக்காகத் தெருவே அவரைப் பகிடி பண்ணும். மீனுக்குத் தாலாட்டுப் பாடுகிறார் என்று முதலில் பகிடியைத் தொடக்கியவளே நான்தான்.

"எப்பிடித் தெரியும் உங்களுக்கு, இப்பிடிப் பொத்தினாச் சுகமெண்டு?"

"காப்பு என்ர கையில இருந்தது தானே," என்றார். "முதல் வருசம் தற்செயலாக் கை பட்டது. அப்பதான் தெரிஞ்சுது."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீர் தின்னுவீரோ?"

அவருடைய ஈரக் கையை எடுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். மீன் மணக்கிற கை. அவர் கையை எடுக்கவில்லை. படகு தன் பாட்டில் கரைக்குத் திரும்பியது.

மத்தியானம் மீனை வெட்டி, சட்டிகளில் பிரித்துப் போட்டேன். யதுஷாவுக்கு மட்டும் பச்சை மீன் கொடுக்காமல், தேங்காய்ப்பால் விட்டுச் சொதியாக வைத்துக் கொடுத்தேன். எங்கள் குசினி மேசையிலேயே இருந்து, இடியப்பத்தைக் குழைத்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். நெடுநாளைக்குப் பிறகு அந்தப் பிள்ளை ஒரு கோப்பையை முடிக்கும் அளவுக்குச் சாப்பிட்டதைப் பார்த்தேன். விரலைச் சூப்பிக்கொண்டிருந்தவள், என் கையில் காப்பு கிடந்த இடம் சிவந்திருப்பதைக் கண்டுவிட்டாள்.

"அன்ரி! நீங்களோ இண்டைக்குத் தாங்கினது?"

"ஓம். உன்ர அங்கிளுக்கு இனி ஓய்வு. அடுத்த வருசமும் நான்தான்."

அவளுடைய கை கோப்பைக்கு மேலே அப்படியே நின்றது. முகம் மாறியது. மெதுவாகக் கேட்டாள், "அது... நல்லா நோகுமோ அன்ரி?"

அடுப்படியில் நின்ற என் கணவர் திரும்பிப் பார்த்தார். யதுஷாவின் மற்றக் கை வயிற்றின் மேல் இருந்தது. கோப்பையில் இன்னும் ஒரு துண்டு மீன் மிச்சம் இருந்தது.

"சீச்சீ," என்றேன். "ஒண்டுமில்லையடி. சின்னக் கூச்சம். நீ சாப்பிடு."

அவள் சிரித்துக்கொண்டு அந்தத் துண்டையும் எடுத்து வாயில் வைத்தாள். அவர் ஒரு கோப்பையில் சோறு போட்டு என் முன்னால் வைத்தார். மீன் தலை இருந்த சட்டியை மூடி அப்பால் நகர்த்திவிட்டு, பருப்பை என் பக்கம் தள்ளினார்.