முதற்பட்டை

மாமியார் கோமதி கொடுத்த காபி, டம்ளரோடு பறந்துபோய்ச் சுவர்த்திரையில் மோதியது. திரையில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்த பனிமலையில் உச்சியிலிருந்து அடிவாரம் வரை காபி வழிந்தது. எறிந்தவர் மாப்பிள்ளை சிவசைலம். அதனால் கோமதி துணி எடுத்து வந்து மலையைத் துடைத்தாள்.

"மாமனார், மாமியாரோட சேந்து நானும் தவழ்சரிவுல உருளணுமோ? தூத்துக்குடியில ஒரு ஆலையே என் சொல்லுக்கு ஓடுது" என்றார் சிவசைலம்.

மாமனார் ஆவுடையப்பன் கையைப் பிசைந்தார். ஐப்பசி மழை வழி மறந்து, வெடியும் வழக்கொழிந்துபோன பிறகு, தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையைப் பனிமலைக்கு அழைத்துப்போவது திருநெல்வேலிச் சீமையில் கட்டாயமாகியிருந்தது. காலையில் மிதவை ரயில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் இமயம். எந்த மலைக்குப் போவது என்பதில்தான் குடும்பங்கள் மண்டையை உடைத்துக்கொண்டன. ஆவுடையப்பனுக்கு வலது கால் மூட்டு மாற்று மூட்டு. கோமதி பனியைக் குளிர்பெட்டிக்குள் மட்டும் பார்த்தவள். மாப்பிள்ளையைக் கட்டிய மூத்த மகள் உலகம்மைக்கு மொட்டைமாடி ஏறினாலே தலை சுற்றும். இளையவள் செவ்வந்தியோ இமயத்தில் பனிச்சறுக்கு கற்றுக்கொடுத்துச் சம்பாதிப்பவள். செங்குத்துச் சரிவில் வாழைப்பழம் தின்றுகொண்டே இறங்குவாள். மாப்பிள்ளைக்கு எதுவும் தெரியாது. அதை அவரிடம் சொல்லத்தான் யாருக்கும் தெரியாது.

செவ்வந்திக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவள்தான் படிமலைக்குப் போகலாம் என்றாள். அங்கே வாசலிலேயே திறனளவி என்ற கருவி காலையும் இடுப்பையும் பார்த்து, இன்னாருக்கு இன்ன சரிவு என்று பிரித்து அனுப்பும். வீட்டிலிருந்தபடியே சுவர்த்திரை வழியாக அளந்து பார்த்ததில், செவ்வந்தி தவிர எல்லோரையும் அது சின்னப் பிள்ளைகள் உருளும் தவழ்சரிவில் போட்டது. அதற்குத்தான் டம்ளர் பறந்தது.

"அப்ப பல்லக்குமலை பாப்போமா மாப்ள? உக்காந்துகிட்டே எறங்கலாமாம்" என்றார் ஆவுடையப்பன்.

"நான் என்ன பொணமா, தூக்கிட்டுப் போவ?"

மிஞ்சியது ஓருடல் மலை. அங்கே குடும்பத்தில் எல்லோருக்கும் இயைபாடை கொடுப்பார்கள். கழுத்து முதல் கால்விரல் வரை தசைபோல இழுக்கும் ஆயிரக்கணக்கான செயல்நார்கள் நெய்த ஆடை அது. ஒருவர் நெற்றியில் முதற்பட்டை கட்டிக்கொண்டால் போதும். அவர் கால் வளைந்தால் எல்லோர் காலும் வளையும். அவர் திரும்பினால் எல்லோரும் திரும்புவார்கள். திறமைசாலி ஒருவர் வீட்டில் இருந்தால் நொண்டியும் கூடப் பறக்கலாம். 'ஒரு குடும்பம், ஓர் உடல்' என்றது விளம்பரம்.

"இதுல மேல கீழன்னு ஒண்ணும் கெடையாது மாப்ள" என்றார் ஆவுடையப்பன். சிவசைலம் மீசையை முறுக்கிக்கொண்டு தலையசைத்தார். ஆவுடையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எல்லோரும் உள்ளே போனதும் உலகம்மை அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். முழங்கைக்கு மேலே புதிதாக ஒரு கன்றல். போன மாதம் வந்தபோது காட்டிய கன்றல் பழுத்து மஞ்சளாகியிருந்தது.

"அப்பா, தீவாளி முடிஞ்சா நான் இங்கயே இருந்துக்கிடுதேன். அங்க அனுப்பாதீங்க."

"மாப்ள கோவக்காரரு, ஆனா கொணம் தங்கம். நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா. மலைக்குப் போயிட்டு வந்தா எல்லாம் சரியாப் போவும்."

"அடிக்கிற கைதான்ட்டி அணைக்கும்" என்றாள் கோமதி அடுப்படியிலிருந்து.

"அக்கா மூஞ்சியக் கொஞ்சம் ஏறெடுத்துப் பாருங்க ரெண்டு பேரும்!" என்று கத்தினாள் செவ்வந்தி. சின்னவள் பேச்சு அந்த வீட்டில் என்றைக்கு அம்பலம் ஏறியிருக்கிறது?

ஓருடல் மலையில் ஆடை மாட்டிவிட்ட மலைநாட்டுக்காரர் நல்ல மனிதர். அவர் தன் மொழியில் பேசப்பேச, காதில் மாட்டியிருந்த மொழிமாற்றி தமிழில் முணுமுணுத்தது.

"வெளியே உள்ள பொருளைத் தலைவர் தொட்டால், நீங்கள் எல்லோரும் அதையே தொடுவீர்கள். அவர் தன்னைத் தொட்டுக்கொண்டால், நீங்கள் அவரவர் உடம்பைத் தொட்டுக்கொள்வீர்கள். மரத்தின் மீதோ வேற்று மனிதர் மீதோ மோத ஆடை விடாது. உங்களுக்குள் பட்டுக்கொண்டால் மட்டும் தடுக்காது. உங்களை அது ஐந்து பேராகப் பார்ப்பதில்லை. தன் கை தன் மேல் படுவதை யாராவது மோதல் என்பார்களா?"

"நடுவழியில கழட்டணும்னா?" என்றாள் உலகம்மை.

"பட்டையில் உள்ள குமிழை அழுத்த வேண்டும்; ஒருவர் பெயரைச் சொல்லி அழுத்தினால் அவர் ஆடை மட்டும் தளரும். அது தலைவர் கையில். சரிவில் பயந்து ஆளுக்கு ஆள் கழற்றிக்கொண்டால் உயிர் போய்விடும். பட்டை யார் முகத்தோலில் பட்டிருக்கிறதோ அவர்தான் தலைவர். அதனால் நன்றாகச் சறுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்." அவர் பார்வை நேராகச் செவ்வந்தியிடம் போனது.

ஆவுடையப்பன் பட்டையை இரண்டு கையாலும் வாங்கினார். வீட்டு மாப்பிள்ளையை நிற்க வைத்துவிட்டுச் சின்னப்பெண்ணிடம் முதல் மரியாதையைக் கொடுப்பதா? ஊரில் தெரிந்தால் காறித் துப்பமாட்டார்களா? கோயிலில் பரிவட்டம் கட்டுவதுபோலப் பட்டையைச் சிவசைலத்தின் நெற்றியில் சுற்றி, காதோரம் முடிச்சுப் போட்டு, மிச்ச நுனியை அழகாகத் தொங்கவிட்டார். அதில் பூட்டுக்கொக்கி ஒன்று இருந்தது. மலைநாட்டுக்காரர் அதைக் காட்டிக்காட்டிச் சொன்னார். பரிவட்டத்துக்குக் கொக்கி மாட்டி எங்கள் ஊரில் பழக்கமில்லை என்று அவரைச் சிரித்து அனுப்பிவிட்டார் ஆவுடையப்பன்.

பட்டை ஏறியதும் சிவசைலம் மீசையை முறுக்கினார். ஆவுடையப்பனின் கை தானாக மேலே போய் அவர் மீசையை முறுக்கியது. கோமதியும் இரண்டு பெண்களும் இல்லாத மீசையை முறுக்கினார்கள். கோமதிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

கோமதி அன்றைக்குச் சிரித்தது அதுதான் கடைசி.

முதல் வளைவிலேயே சிவசைலம் கால் பின்னிக்கொண்டது. அவர் விழுந்தார், ஐந்து பேரும் விழுந்தார்கள். எழுந்து பத்தடி போகுமுன் இன்னொரு தரம். செவ்வந்தியின் கால்களுக்கு வழி தெரிந்திருந்தது. அவை அவள் பேச்சைக் கேட்கவில்லை. விழத் தெரியாதவளைப் போல அவளும் முகம் குப்புற விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டாள். ஆவுடையப்பனின் மாற்று மூட்டு உள்ளே எங்கோ நறுக்கென்றது. மூன்றாவது தடவை உருண்டு போய் ஒரு திட்டில் நின்றபோது, கோமதியின் மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் பனியில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. அவளால் அதைத் துடைக்க முடியவில்லை. மாப்பிள்ளைக்கு மூக்கு வழியவில்லையே, கை எப்படிப் போகும்?

பக்கத்தில் வேறொரு குடும்பம், முதற்பட்டை கட்டிய ஒரு பெண்ணின் பின்னால் கொக்குக் கூட்டம் மாதிரி வளைந்து போனது. அதில் ஒரு கிழவர் இவர்களைப் பார்த்துக் கையசைத்தார்.

சிவசைலம் முகம் கறுத்தது. ஊன்றுகோல்களைப் பனியில் குத்தி எறிந்தார். எல்லோர் ஊன்றுகோலும் பனியில் குத்தி எறியப்பட்டன.

"பட்டையச் செவ்வந்திகிட்ட குடுத்துருங்களேன்" என்றாள் உலகம்மை. மெதுவாகத்தான் சொன்னாள். "அம்மாவுக்கு ரத்தம் வருது."

சிவசைலத்தின் வலது கை ஓங்கியது.

ஆவுடையப்பன் தன் கை உயர்வதைப் பார்த்தார். தோளிலிருந்து நார்கள் இறுகி இழுக்க, எலும்பு ஒடிந்தாலும் சரி என்று எதிர்த்துப் பிடித்தார். கை நிற்கவில்லை. பளாரென்று மகளின் கன்னத்தில் விழுந்தது. மாப்பிள்ளையின் கை ஒரு கன்னத்தில், தகப்பன் கை மறு கன்னத்தில், தாயின் கை நெற்றிப்பொட்டில், தங்கையின் கை தாடையில். உலகம்மையின் கையே எழும்பி வந்து அவள் வாயில் அறைந்தது. பெற்ற நாளிலிருந்து ஆவுடையப்பன் அவளைத் தொட்டு அடித்ததில்லை. உள்ளங்கையில் அவள் பல் பட்ட இடம் எரிந்தது.

"மாப்ள! மாப்ள, வேண்டாம்! குமிழை அமுக்குங்க!"

சிவசைலம் தன் கையைப் பார்த்தான். பிறகு சுற்றி நின்ற கைகளைப் பார்த்தான். இதுவரை கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செய்த வேலைக்கு இன்று வீடே திரண்டு நிற்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் முகத்தில் வந்தது வெட்கம் இல்லை, சிரிப்பு. மறுபடி அறைந்தான். எல்லோரும் மறுபடி அறைந்தார்கள்.

"அக்கா!" என்று அலறிக்கொண்டே அறைந்தாள் செவ்வந்தி. "ஐயோ, எம் புள்ள, எம் புள்ள" என்று அழுதுகொண்டே அறைந்தாள் கோமதி. உலகம்மையின் புருவம் வெடித்தது. ஒரு கண் மூடிக்கொண்டது. ஆவுடையப்பனுக்கு நெஞ்சே நின்றுவிடும்போல இருந்தது. நின்றாலாவது கை நிற்குமா என்றுகூட நினைத்தார்.

கூந்தலைக் கொத்தாகப் பிடித்தான் சிவசைலம். ஐந்து கைகள் அந்தத் தலையைப் பிடித்தன. அவள் காதருகே முகத்தைக் கொண்டுபோய்ச் சொன்னான்:

"பாத்தியா? ஒங்கப்பனே அடிக்கான். இனி யாருகிட்டட்டி போய்ச் சொல்லுவ?"

இயைபாடை கழுத்தோடு நின்றுவிடும். பல்லை அது ஆள்வதில்லை. அவன் காதோரம் தொங்கித் தன் வாயருகே ஆடிக்கொண்டிருந்த பரிவட்ட நுனியை உலகம்மை லபக்கென்று கவ்வினாள். கவ்வியபடி தலையை ஒரே வெட்டாக வெட்டினாள். ஐந்து கைகளிலும் ஒவ்வொரு கொத்து முடி அறுந்து தங்கியது. முடிச்சு அவன் காதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. சிவசைலம் மாடு போலக் கதறினான். காதுமடல் கிழிந்து ரத்தம் பீய்ச்சியது. கொக்கி மாட்டியிருந்தால் அந்தப் பட்டை இம்மியும் அசைந்திருக்காது.

ஆடைகள் எல்லாம் ஒரு கணம் கல்லாக விறைத்தன. பல்லிடுக்கிலிருந்து பட்டை உலகம்மையின் கன்னத்தில் புரண்டதும் மெல்லிய அதிர்வு ஒன்று எல்லோர் முதுகிலும் ஓடியது. தலைமை மாறிவிட்டது.

அவள் பட்டையை எடுத்து நெற்றியில் வைத்துக் கொக்கியை மாட்டினாள். எல்லோர் கைகளும் அவரவர் வெறும் நெற்றியைத் தொட்டு இறங்கின.

"குமிழை அமுக்குட்டி, போயிருவோம்" என்றாள் கோமதி, தேம்பிக்கொண்டு.

உலகம்மை அமுக்கினாள். ஒரே ஒரு தடவை, செவ்வந்தியின் பெயரைச் சொல்லிவிட்டு. தங்கையின் ஆடை மட்டும் தளர்ந்து தொங்கியது.

"நீ ஒதுங்கி நில்லு. நீ ஒருத்திதான் எனக்காவப் பேசுன."

"ஏய், நான் ஒம் புருசன்! கழட்டுட்டி!" என்றான் சிவசைலம். கிழிந்த காதைப் பொத்த நினைத்தான், கை வரவில்லை. ஓடப் பார்த்தவனை ஆடைதான் நிமிர்த்திப் பிடித்திருந்தது. அடிக்கத்தான் போகிறாள் என்று ஆவுடையப்பன் நினைத்தார். அடித்தால் அவர் கையும் சேர்ந்து அவனை அடிக்கும். அதற்கு அந்தக் கை ஏங்கியது என்றே சொல்லவேண்டும்.

அவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. சாமி சன்னதியில் நிற்பவள் மாதிரி நேரே பார்த்துக்கொண்டு, கையை ஓங்கி, தன் கன்னத்திலேயே அறைந்தாள்.

சிவசைலத்தின் கை சிவசைலத்தை அறைந்தது. கோமதியின் கை கோமதியை. ஆவுடையப்பனுக்குக் கண்ணில் பொறி பறந்தது. தப்புச் செய்தவர்கள் சாமி முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஆனால் அது செல்லமாகத் தட்டிக்கொள்வது. இது அப்படி இல்லை. இத்தனை நாள் அவள் வாங்கிய அடியின் பாரம் அதில் இருந்தது. மறு கன்னம். திரும்பவும் முதல் கன்னம். சிவசைலத்தின் வாயிலிருந்து ஒரு பல் பனியில் தெறித்தது. "விட்டுரு, ஒன் கால்ல விழுதேன்" என்று குழறினான். விழ அவனுக்கு வழியில்லை. கோமதி அழுகையை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ மந்திரம் கேட்பவள்போல வாங்கிக்கொண்டிருந்தாள்.

"உலகு, நீ அந்த வீட்டுக்குப் போவ வேண்டாம்மா" என்றார் ஆவுடையப்பன். வாய்க்குள் ரத்தம் உப்புக் கரித்தது. "நான் அனுப்ப மாட்டேன். செத்தாலும் அனுப்ப மாட்டேன்."

"நீங்க அனுப்பினாலும் நான் போவ மாட்டேம்ப்பா. அது முடிஞ்சுபோச்சு."

"பெறவு எதுக்கும்மா இது? நிப்பாட்டு. ஒனக்கும்லா வலிக்கும்?"

உலகம்மை ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"எனக்குப் பழகிப் போச்சுப்பா."

அவள் கை மறுபடி உயர்ந்தது. நார்கள் தோளை இழுக்கக் காத்திருந்தன. அதற்கு முன்பே ஆவுடையப்பனின் கை மேலே போயிருந்தது.