முந்திப் போனவள்

"ராத்திரி ஜன்னலை மூடிவிட்டுப் படுங்கள், மேடம். நேற்றுக் கடல் தண்ணீர் உள்ளே அடித்துக் கம்பளமெல்லாம் ஊறிப்போயிற்று" என்றாள் ஓட்டல்காரி.

சரியாகக் காதில் விழவில்லையோ என்று ஜோசபின் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள். வெளியே கோர்படி ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு கூட்ஸ் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. அது போய் முடிகிறவரை ஜன்னல் கம்பிகளும், அலமாரியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்களும், கீழே நனைந்த மண்ணும் டீசல் புகையும் கலந்து வந்த ஜூலை மாதத்து வாடையும்கூட நடுங்குவதுபோல இருந்தது.

"நான் இந்தியாவிலிருந்து பேசுகிறேன்" என்று வகுப்பில் பாடம் சொல்வதுபோல ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள். "பூனாவிலிருந்து. அடுத்த வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளைக்கு அறை கேட்டிருந்தேன். அமல்ராஜ் என்ற பெயரில். கடலைப் பார்த்த அறை. அது உறுதிதானே என்று கேட்கத்தான் கூப்பிட்டேன்."

கிழவி சிரித்தாள். மார்செய் துறைமுகத்துக்குப் பின்னால், கடலோரச் சந்து ஒன்றில் பரம்பரையாக ஓட்டல் நடத்துகிறவள். போன வாரம் இதே போனில் இதே குரலில் அன்பாகப் பேசியவள்.

"வேடிக்கை செய்கிறீர்கள், மேடம் அமல்ராஜ். நேற்றே வந்துவிட்டீர்களே. சாவியை நான்தானே உங்கள் கையில் கொடுத்தேன்? கணவர் சனிக்கிழமை வருவார் என்றும் சொன்னீர்கள்."

ஜோசபின் போனை வைத்தாள். ஒரு நிமிடம் எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்ததாக நினைத்தாள். அடிவயிற்றிலிருந்து சூடாக ஏதோ ஒன்று எழும்பிக் காது மடல்வரை வந்தது. எவளோ ஒருத்தி. தன் பெயரில். தான் பார்த்துப் பார்த்துத் தேடிப் பிடித்த அறையில்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். முதல் வருஷம் கோவாவுக்கு எடுத்த டிக்கெட்டை, தங்கைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று அமல்ராஜ் அவள் கண்ணெதிரிலேயே கிழித்துப் போட்டான். அடுத்தது மகாபலேஷ்வர், ஆகுர்டியில் அவன் வேலை பார்த்த கார் ஃபாக்டரியில் ஷிஃப்ட் மாறிவிட்டது. பிறகு வேளாங்கண்ணி, அதற்குப் பிறகு ஊட்டி. ஒவ்வொரு தடவையும் கட்டிய பெட்டியைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப மடித்து பீரோவில் வைத்தவள் அவள். ஒவ்வொரு தடவையும் "பரவால்லங்க" என்று சொன்னவளும் அவள்தான். இப்போது கம்பெனி அவனைப் புது மெஷினுக்கான பயிற்சிக்கு மூன்று மாதம் இத்தாலிக்கு, டூரின் நகரத்துக்கு அனுப்பியிருந்தது. அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டு லீவு வாங்கி, விசாவும் வாங்கிவிட்டாள். "மார்செய் பக்கம்தானாம். வீக்கெண்டுக்குப் போய்ட்டு வரலாம். நீயே பிளான் பண்ணு" என்றிருந்தான். பிளான் பண்ணினாள். எந்த ரயில், எந்தத் தெரு, எந்தக் கடையில் மீன் சூப் என்று இரவும் பகலும் அதே நினைப்பாக இருந்தாள்.

அவனுடைய மொபைலுக்குப் போட்டாள்.

"யாருங்க அவ?"

"யாரு யாரு?" பின்னால் மெஷின் இரைச்சல். "ஜோ, நான் டிரெய்னிங்ல இருக்கேன்."

"மார்செய் ஓட்டல்ல என் பேரைச் சொல்லிக்கிட்டுத் தங்கியிருக்காளே, அவ. சனிக்கிழமை நீங்க வர்றீங்கன்னு காத்துக்கிட்டு இருக்காளே, அவ!"

"உனக்கென்ன பைத்தியமா? நான் இன்னும் அந்த ஊரையே பாக்கல."

"பொய் சொல்லாதீங்க! ஒன்பது வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்ல, அதான் இவளை எப்படி வேணா ஏமாத்தலாம்னு தோணிருச்சு."

"சத்தம் போடாத. அந்தக் கிழவிக்கு ஏதாவது ஆள் மாறிப் போயிருக்கும்."

"அப்ப நேர்ல போய்ப் பாருங்க. இந்தச் சனிக்கிழமையே போங்க. அந்த ரூம் கதவைத் தட்டி, உள்ள யாரு இருக்கான்னு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. இல்லைன்னா நான் அங்க வரவே மாட்டேன்."

"போறேன்டி! போய்த் தொலைக்கிறேன்! உன் நச்சரிப்புக்கு அதுதான் பாக்கி."

போனைத் துண்டித்தான். ஜோசபின் சமையலறைக்குப் போய், காலையில் வடித்த சோற்றைப் பாத்திரத்தோடு சிங்க்கில் கவிழ்த்தாள். நன்றாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் முதல்முறையாகக் கத்தியிருக்கிறாள், அது நன்றாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கீழ்வீட்டு நஸ்ரின் வாங்கிப் போன இட்லித் தட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது ஜோசபின் மறுபடி மார்செய்க்கு நம்பர் சுற்றிக்கொண்டிருந்தாள். நஸ்ரின் ஆம்பூர்க்காரி, புருஷனுக்கு பூனா கேம்ப் பகுதியில் செருப்புக் கடை. அக்கா அக்கா என்று மாடிக்கும் கீழுக்குமாக ஓடுகிறவள். "உக்காரு, நீயும் கேளு" என்றாள் ஜோசபின். "என் பேர்ல அங்க தங்கியிருக்கறவளை அவ வாயாலேயே பேச வைக்கிறேன், நீதான் சாட்சி."

"அந்த அறைக்குக் கொடுங்கள்" என்று கிழவியிடம் சொன்னாள்.

மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது. பிறகு எடுத்தார்கள். பேச்சில்லை. காற்று மட்டும். ஈரமான கனத்த துணி ஒன்று சுவரில் அறைந்து அறைந்து விலகும் சத்தம். அதற்குப் பின்னால், மிகப் பெரியதாக ஏதோ ஒன்று மூச்சை இழுத்து இழுத்து விடுவதுபோலக் கடல். பூனாவில் பிறந்து வளர்ந்த ஜோசபினுக்குக் கடலை அவ்வளவாகத் தெரியாது. இருந்தும் ரிசீவரின் துளைகள் வழியாக உப்பும் பாசியும் அழுகிய மீனும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

"யாருடி நீ?" என்றாள் தமிழிலேயே.

"கோவா டிக்கெட்டைக் கிழிச்சப்ப நான் ஒண்ணும் சொல்லல" என்றது மறுமுனை.

அவள் குரல். அவளுடையதேதான். டேப்பில் பதிந்து கேட்டால் வருமே, அந்த மாதிரி கொஞ்சம் மெல்லிசாக.

"சிரிச்சேன். அவர் தட்டுல இன்னொரு கரண்டி சாம்பார் ஊத்தினேன். அந்தக் கரண்டியாலேயே அவர் மூஞ்சில அடிக்கணும்னு இருந்துச்சு. அடிக்கல. மகாபலேஷ்வர் போகலைன்னு சொன்னப்ப பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டுத் துண்டைக் கடிச்சேன். யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாதுதான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட அவள் சொன்னதில்லை.

"காத்திருந்து அலுத்துப்போச்சு. அதான் முன்னாடியே வந்துட்டேன். நீ வரவேண்டாம். அவரை மட்டும் அனுப்பு." துணி சுவரில் அறைந்தது. "அனுப்பிட்டேல்ல?"

ரிசீவர் நழுவியது. நஸ்ரின் அதைப் பிடித்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள். "ஹலோ, யாருங்க?" என்றாள். கேட்டாள். அவள் முகத்தில் இருந்த விளையாட்டுத்தனம் மெதுவாக வடிந்தது. கண்கள் ஜோசபினின் வாயையே பார்த்தன, அந்த உதடுகள் அசைகின்றனவா என்று.

"உங்க குரல்தான் அக்கா" என்றாள் கிசுகிசுப்பாக. "என் பேரைச் சொல்லுது. அவ பக்கத்துல நிக்காத, கீழ போன்னு சொல்லுது."

"நஸ்ரின், இரு. தனியா விட்டுட்டுப் போகாத."

நஸ்ரின் ரிசீவரை மேசைமேல் வைத்தாள். முக்காட்டை இழுத்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல், பின்னால் பின்னால் நடந்து வாசலைத் தாண்டினாள். கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போடும் சத்தம்.

ஜோசபின் தரையில் உட்கார்ந்தாள். கோபத்தைத் தேடினாள். இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் கல் மாதிரி கிடந்தது, செவ்வாய்க்கிழமை அவனிடம் கத்தியபோது தீயாக எரிந்தது. இப்போது இல்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தடவுவதுபோல மனம் அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தது. குழிதான் இருந்தது. அது இங்கே இல்லை. அது அங்கே போய்விட்டது.

அமல்ராஜுக்குப் போட்டாள். அணைத்து வைத்திருந்தான். அவள்மேல் கோபம். இரவெல்லாம் போட்டாள். சனிக்கிழமை காலையில் போட்டாள். மலைக்குள் குடைந்த பாதைகளில் ரயில் போகும்போது சிக்னல் கிடைக்காது என்று அவளேதான் படித்து அவனுக்குச் சொல்லியிருந்தாள். போட்டுக்கொண்டே இருந்தாள்.

மழையில் தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில் லைன் கிடைத்தது.

"ஏங்க! எங்க இருக்கீங்க? அங்க போகாதீங்க!"

அவன் சிரித்தான். அப்படி அவன் சிரித்துக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. படியேறும் மூச்சிரைப்போடு சிரித்தான்.

"அடிப்பாவி! நல்லா ஏமாத்திட்டியே. கீழ அந்தப் பாட்டி எல்லாத்தையும் சொல்லிருச்சு. அந்தச் சண்டையெல்லாம் என்னை இங்க வரவைக்கத்தானா? டிக்கெட்டை எப்ப மாத்தின?"

"நான் வரலங்க. நான் பூனால இருக்கேன். கோர்படில, நம்ம வீட்ல."

"சரி சரி, பூனாதான். மேலதானே வந்துக்கிட்டு இருக்கேன், ரூம்லேர்ந்து போன் பேச என்ன அவசரம்?" குரல் தணிந்தது. "ஜோ, கேளு. தப்பு என்மேலதான். எவ்வளவோ தடவை உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். ரயில்ல வரும்போது அதைத்தான் நெனச்சுக்கிட்டு வந்தேன்."

"கதவைத் திறக்காதீங்க. அமல், உங்க கால்ல விழறேன். அது நானில்ல. திரும்பி இறங்குங்க."

"என்ன விளையாட்டு இது, அழறியா நீ?"

தட்டினான். மரக்கதவில் விரல் முட்டியின் சத்தம்.

"திறந்துதான் இருக்கு. வாங்க" என்றது ஜோசபினின் குரல். போனுக்கு வெளியே. அவனுக்கு எதிரே.

கதவு கீச்சிட்டது. காற்று. அறையும் துணி. கடல்.

"ஜோ..." என்று யாரையோ பார்த்துச் சொன்னான். ஜோசபின் தன் அழுகையை அடக்க முடியாமல் விம்மினாள். அந்த விம்மல் அவன் காதுக்குப் போய்ச் சேர்ந்தது அவளுக்குத் தெரிந்தது. ஏனென்றால் அவன் மூச்சு நின்றது. வாயைப் போனோடு ஒட்டி, உதடே அசையாததுபோல, குழந்தை மாதிரி கேட்டான்.

"ஜோ. நீ எங்க இருக்க?"

லைன் அறுந்தது.

அதற்குப் பிறகு அவன் நம்பர் போகவில்லை. ஓட்டலில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. விடிய விடிய. கீழே போய் நஸ்ரின் கதவைத் தட்டினாள். உள்ளே விளக்கு அணைந்தது. யாரும் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மணி அடித்தபோது வானம் மூடி, வீட்டுக்குள் அந்தி மாதிரி இருட்டியிருந்தது. ஏதாவது எழுதியிருப்பானா என்று கடைசியாகத் தோன்றியது. போனின் ஒயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரின் மோடத்தில் செருகினாள். அது கீச்சிட்டது, இரைந்தது, ஓய்ந்தது.

ஒரு மெயில். அவனுடைய முகவரியிலிருந்து. எழுத்து எதுவும் இல்லை. ஒரு போட்டோ மட்டும்.

திறந்தாள். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு பட்டையாக இறங்கியது.

சாம்பல் நிற வானம்.

நின்றது. மறுபடி இறங்கியது. கடல், தூரத்தில் ஒரு தீவு.

அவன் முடி. அதற்குப் பக்கத்தில் நீண்ட ஈர முடி.

அவன் கண்கள். போட்டோ எடுத்தவரைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தன. வெள்ளை விழி முழுதும் தெரிந்தது.

அவள் கண்கள். அவளுடைய கண்கள். இந்தக் கோபத்தோடு தன் முகத்தை எந்தக் கண்ணாடியிலும் ஜோசபின் பார்த்ததில்லை. பார்க்க விட்டதில்லை.

நின்றது. மோடத்தின் சின்ன விளக்கு துடித்தது.

இறங்கியது. அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்த கை. கையில் அவளுடைய கல்யாண மோதிரம். விரல்கள் நீரில் ஊறி வெளுத்து, சுருங்கி.

பிறகு பால்கனியின் இரும்புக் கிராதி. உடையவில்லை. வளையவில்லை. முழுதாக இருந்தது.

இருவருக்கும் முன்னால் இருந்தது.

கடைசிப் பட்டை மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. கம்பிகளுக்கு அப்பால், தரையில்லாத இடத்தில், அவள் பாதங்கள் உறுதியாக ஊன்றி நின்றன. அவனுடையவை தொங்கின.