அடுத்த அறையின் ஈரக் காலடி

குத்தாலம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், மர்மக் கதை எழுதக் கற்றுக்கொடுக்க இளம்பரிதி வந்திருந்தார். ‘மர்மச் சக்கரவர்த்தி’ என்ற பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்பதே பெரிய மர்மம். சுடுகாட்டில் தனியாக உட்கார்ந்துதான் எழுதுவாராம். பயம் என்றால் என்னவென்று யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

ஆறாம் வகுப்பு செம்மொழியைக் கேட்டிருக்கலாம். பல்லி கத்தினாலே அவள் போர்வைக்குள் புகுந்துவிடுவாள்.

“யார் வந்தது? எப்படி வந்தது? எதுக்கு வந்தது? மூணுக்கும் விடையை முடிவு பண்ணிட்டு எழுதுங்க. ஆனா முக்கியமான பேரைக் கடைசிவரைக்கும் சொல்லக்கூடாது” என்றார் அவர்.

செம்மொழியின் தாள் வெள்ளையாகவே இருந்தது. அவள் நினைத்த பேயெல்லாம் அவளையே திரும்பிப் பார்த்தன.

மாலதி டீச்சர் டீ சொல்லப் போனார். மழை வலுத்தது. மின்சாரம் போய் வகுப்பு இருண்டது.

பூட்டாமல் தாழ்ப்பாள் மட்டும் போட்டிருந்த அடுத்த அறையில் சத்தம்.

பச்... பச்... கர்ர்ர்.

ஈரக் காலடி. பின்னாலேயே எதையோ இழுக்கும் ஓசை.

பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டார்கள். சக்கரவர்த்தி மேசைமேல் நின்றார். எப்போது ஏறினார் என்று யாரும் பார்க்கவில்லை.

“யாரும் கதவைத் திறக்காதீங்க. காலையில பாத்துக்கலாம்” என்று கிசுகிசுத்தார். அப்போது மதியம் இரண்டு மணி.

பச்... கர்ர்ர். பிறகு மெல்லிய முனகல்.

செம்மொழி காதைப் பொத்திக்கொள்ளப் போனாள். ஆனால் அந்த முனகல் மிரட்டுவதுபோல் இல்லை. வலிப்பதுபோல் இருந்தது.

சுவரோடு ஒட்டியபடியே கதவருகில் போய்க் குனிந்தாள். அடியிடுக்கில் சேறும் வைக்கோல் தூசும். பேய்க்கு எதற்குச் சேறு? குறுவை அறுத்த வயலில், பள்ளிக்குப் பின்னால், நேற்றிலிருந்து வாத்துக்கூட்டம் மேய்கிறது. அறையின் பின்கதவுப் பலகையோ கீழ்ப்பக்கம் உளுத்து ஓட்டையாகக் கிடக்கிறது. வெளியே கொட்டும் மழை.

மூன்று கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. கைதான் இன்னும் நம்பவில்லை. தாழ்ப்பாள் இருமுறை வழுக்கியது.

உள்ளே ஒற்றை வாத்து. காலில் நூல் இறுகியிருந்தது. நூலின் முனையில் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டில்.

“ஒண்ணும் பண்ணமாட்டேன், இரு” என்று அதை மடியில் வைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

டீச்சர் வந்தபோது இளம்பரிதி எப்படியோ தரைக்கு இறங்கியிருந்தார். செம்மொழியிடம் தாழ்ந்த குரலில், “கதையில எல்லாத்தையும் எழுதணும்னு இல்லம்மா” என்றார்.

“நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே எழுதுறேன் சார்.”

வாக்குத் தவறவில்லை. சேறு, பாட்டில், வாத்து எல்லாம் எழுதினாள். மேசைமேல் ஏறியவர் பெயரை மட்டும் கடைசிவரைக்கும் சொல்லவில்லை.