கை வைத்தால் நிற்கும் இரைச்சல்

“ஆம்ப்ளிஃபயர் மூடியைத் தொட்டுப் பாரு. சத்தம் நிக்குதா?”

“நிக்குது.”

“அப்ப கரண்ட் தரைக்கு இறங்க எர்த் இல்ல. இப்போதைக்கு நீதான் எர்த்.”

“இருபது வருஷமா உங்களைத் தாங்குறேன். இனி இந்தப் பெட்டியையும் சேர்த்தா?”

அன்றைக்கு அவள் கணவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் இறந்து எட்டு மாதமாகிறது. அதே ஆம்ப்ளிஃபயர் இன்று மறுபடியும் இரைகிறது.

இரைச்சல் அவளுக்குப் பெரிதல்ல. அதற்கு அடியில் மூழ்கிக்கொண்டிருப்பதுதான் பெரிது. ஸ்பீக்கர்களைச் சோதிக்க அவர் பேசிப் பதிந்த ஒரு கேசட். “இது இடது. இது வலது. கேக்குதா?” அவர் குரலில் மிச்சம் அவ்வளவுதான். தினமும் மாலையில் அதைக் கேட்டுவிட்டுத்தான் விளக்கைப் போடுவாள். போன வாரம் இடது ஸ்பீக்கரில் கொசு முனகுவதுபோல் தொடங்கிய இரைச்சல், நாளுக்கு நாள் தடித்து, இன்று அந்தக் “கேக்குதா”வையும் விழுங்கிவிட்டது.

அவருடைய கூட்டாளியான ரிப்பேர் கடைக்காரருக்கு போன் செய்து, போனின் ஸ்பீக்கரைப் போட்டு நாற்காலிமேல் வைத்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னதைக் கேட்டவர், “ஓயாம முனகுறதுக்கு அது என்ன மாமியாரா அண்ணி? ஒவ்வொண்ணா கழட்டுங்க, பிடிச்சிடலாம்” என்றார்.

கேசட் டெக்கின் ஒயரைக் கழற்றினாள். இரைந்தது. வால்யூமை அடியோடு குறைத்தாள். இரைந்தது. ஃபிரிட்ஜ், ஃபேன், டியூப் லைட் எல்லாவற்றையும் அணைத்தாள். ஜன்னலில் மழை வடிய, நனைந்த சுவரின் வாடையும் சூடான தூசியின் வாடையும் கலந்து மூச்சில் ஏற, மங்கிய அறையில் அந்த இரைச்சல் மட்டும் தொண்டைக்குள் எதையோ வைத்துக்கொண்டு பேச முயல்வதுபோல் ஏறி ஏறி இறங்கியது.

இடது வலது ஒயர்களை மாற்றிச் செருகச் சொன்னார். மாற்றினாள். சத்தம் இடது ஸ்பீக்கரை விட்டு நகரவில்லை.

“அப்ப கோளாறு ஸ்பீக்கர்லதான். ஆனா ஸ்பீக்கர் தானா இரையாதே அண்ணி.”

ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கினாள். சிவப்பு விளக்கு மெல்லச் செத்தது.

இரைந்தது.

இடது ஸ்பீக்கரின் ஒயர்களையும் உருவித் தரையில் போட்டாள். இரண்டு செம்பு நுனிகள், எதிலும் படாமல்.

இரைந்தது.

வேறு எதுவும் தோன்றாமல், அன்றைக்குப் போலவே இடது கையை ஆம்ப்ளிஃபயரின் இரும்பு மூடிமேல் வைத்தாள்.

நின்றது.

எடுத்தாள். முன்னைவிட உரக்க எழுந்தது. வைத்தாள். நின்றது.

ஆஸ்பத்திரியிலும் தலைமாட்டில் ஒரு இயந்திரம் இப்படித்தான் இரைந்துகொண்டிருந்தது. தொண்டையில் குழாய். பேச முடியாத அவர் அவளுடைய இந்தக் கையைத்தான் இறுக்கிப் பிடித்திருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன, ஒன்றையே திரும்பத் திரும்ப. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தாள். விரல்களைப் பிரித்துவிட்டு நர்ஸைக் கூப்பிட ஓடினாள். நாலு நிமிடம். திரும்பி வந்தபோது அவர் கை உயிரில்லாமல் கட்டிலுக்கு வெளியே நீண்டு கிடந்தது. என்ன கேட்டார் என்று இந்த எட்டு மாதமும் தன்னைத் தானே அரித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, சத்தமே காணோமே. நின்னுடுச்சா? அப்பாடா. இனி ஒண்ணையும் தொடாம அப்படியே விட்டுடுங்க.”

போனை வைக்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் போன் வைக்கப்பட்டது.

மழை. இருட்டு.

மின்சாரம் இல்லாத இரும்பு உள்ளங்கைக்கு அடியில் சூடேறியது. தூங்கி எழுந்த உடம்பின் சூடு. கையை இழுத்தாள். வரவில்லை. அவள் விரலிடுக்குகளில் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், ஐந்து விரல்கள் நுழைந்தன. இறுக்கின.

ஒயர் இல்லாத இடது ஸ்பீக்கரின் கறுப்புத் துணி ஒரு மூச்சளவு புடைத்தது. துளி இரைச்சல் இல்லாமல், காதோடு காதாக, அவர் குரல் சொன்னது:

“கையை எடுக்காதே.”