நிலம் அதிர்ந்த வாரம்

கணினி மறுபடியும் அலறியது.

ஏழாம் வகுப்பே எழுந்து வெளியே ஓடியது. அகிலாவுக்கு மட்டும் கால் நகரவில்லை. பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தாள். பிளந்துவிடுமோ?

"வாடி! உக்காந்துக்கினு என்ன பண்றே?" தோழி ஷாரோன் திரும்பி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

போன வாரம்தான் சென்னையிலிருந்து ஆராய்ச்சியாளர் சிவபாலன் வந்து, பள்ளி மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டியைப் பதித்துவிட்டுப் போனார். நிலம் லேசாக அசைந்தாலும் அந்தப் பெட்டி உணரும். அவர் எழுதிய மென்பொருள் அதைக் கணினியில் கோடாக வரையும். நிலநடுக்கம் என்று அதற்குத் தோன்றினால் கோடு சிவப்பாகும், மணி அடிக்கும்.

வெள்ளிக்கிழமைக்குள் இருபது முறை அடித்துவிட்டது.

"சிவபாலன் சார் திங்கட்கிழமை வர்றார். அதுவரைக்கும் வேப்பமரத்தடியிலதான் வகுப்பு," என்றார் அறிவியல் ஆசிரியை கிரேஸ். அவரும் கட்டடத்தை விட்டுத் தள்ளியே நின்றார்.

"ரெண்டு நாளா நான் ஷூவோடதான் தூங்கறேன்," என்று ஷாரோன் கிசுகிசுத்தாள்.

அகிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வீடு பள்ளிச் சுவரை ஒட்டி இருந்தது. தொட்டிலில் தம்பி தூங்கிக்கொண்டிருப்பான்.

"டீச்சர், எப்பெப்ப அடிச்சுதுன்னு அதுல இருக்குமா?"

டீச்சர் தன் கைபேசியில் பட்டியலைக் காட்டினார். ஒவ்வொரு அதிர்வின் நேரத்தையும் மென்பொருள் குறித்து வைத்திருந்தது. மதியம் ஒன்று முதல் இரண்டு வரை ஒரு நாளும் ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்கவே இல்லை.

"பூமி சாப்பிடப் போவுதா?" என்றாள் ஷாரோன்.

அகிலா பட்டியலை மறுபடி பார்த்தாள். ஒரு மணிக்குத் தறியை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்காருவது அவள் அப்பா சிவராஜ். செவ்வாய்க்கிழமை அவர் திருமுக்கூடலுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். போன வாரம்தான் வீட்டுக்குள், பள்ளிச் சுவரோரம் குழி தோண்டிப் புதுத் தறி போட்டிருந்தார்.

நம் தறிதானா? சொன்னால் அதைப் பிடுங்கச் சொல்வார்களோ? பேசாமல் இருந்துவிடலாமா?

எதிரே ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் டீச்சரின் புடவையைப் பிடித்துக்கொண்டு விசும்பினான்.

"டீச்சர், ஒண்ணு சோதிச்சுப் பாக்கணும். ஃபோன்ல கோட்டைப் பாத்துக்கினு எங்க வீட்டுச் சுவராண்ட நில்லுங்க," என்று சொல்லிவிட்டு அகிலா வீட்டுக்கு ஓடினாள்.

"அப்பா, நான் கை காட்டினா நிறுத்துப்பா. மறுபடி காட்டினா நெய்யிப்பா."

"என்னாம்மா விளையாட்டு? முந்தானை பாதியில நிக்குது."

"பயமா இருக்குதுப்பா."

அவள் முகத்தைப் பார்த்த அப்பா தலையசைத்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தார்.

அகிலா ஜன்னலில் நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சர் கைபேசியோடு நின்றார். தறி நின்றது, கோடு படுத்தது. தறி ஓடியது, கோடு துள்ளியது. மூன்றாம் முறை சிவப்பாகி மணியும் அடித்தது.

சனி, ஞாயிறு அகிலாவுக்குச் சோறே இறங்கவில்லை.

திங்கட்கிழமை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிவபாலன் முன்னால் நின்றாள்.

"எங்க தறிதான் சார். எடுக்கச் சொல்லாதீங்க சார்."

சிவபாலன் பட்டியலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"லாரி, ரயில், மழை எல்லாத்தையும் இதுக்குச் சொல்லிக் குடுத்தேன்மா. தறியைச் சொல்லித் தரலை. தப்பு என்னுதுதான். நீ சொல்லலைன்னா இத்தனையும் நிலநடுக்கம்னு எழுதியிருப்பேன்!" அப்பாவிடம் திரும்பினார். "அண்ணே, ஒரு மணி நேரம் நெய்யுங்க. இது கத்துக்கட்டும்."

அப்பா நெய்தார். சிவபாலன் கணினியில் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் கோடு பச்சையாகத் துள்ளியது. மணி அடிக்கவில்லை. அகிலா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அப்பா வந்து திரையைக் குனிந்து பார்த்தார். ஓரிடத்தில் கோடு சற்றே படுத்திருந்தது. அங்கே விரலை வைத்தார்.

"இங்கதாம்மா இழை அறுந்துச்சு. முடிச்சுப் போட்டுக்கினு இருந்தேன்."

சிவபாலன் அவசரமாக நோட்டைத் திறந்து, அதையும் எழுதிக்கொண்டார்.