ரோட்டில் போன படகு

படகு என்றால் தண்ணீரில் போகும். சுப்புராயனின் புதுப் படகுக்கு மட்டும் முதல் பயணம் தார் ரோட்டில் அமைந்துவிட்டது.

எல்லாம் எண்ணூர்க் குப்பத்து வழக்கத்தால் வந்தது. புதுப் படகு முதன்முதலில் தன் குப்பத்துத் தண்ணீரைத்தான் தொட வேண்டும். வேறு கரையில் இறக்கி ஓட்டிவந்தால் கடல் கோபித்துக்கொள்ளுமாம். ஆனால் படகு கட்டும் ஆசாரி இருந்ததோ ராயபுரத்தில். சின்னப் படகு என்றால் மாட்டு வண்டியில் ஏற்றிவிடலாம். இந்தப் படகைப் பார்த்தால் மாடு அங்கேயே படுத்துவிடும்.

அதனால் ஹுமாயூன் பாய் தன் லாரியோடு வந்தார். லாரியின் பின்னால் நீளமான இரண்டு சக்கர வண்டி ஒன்றைக் கோத்திருந்தார். மரவாடியில் பெரிய பெரிய மரங்களை இழுக்கும் டிரெய்லர் அது. அன்று ஒரு நாளைக்கு மட்டும் இரவல்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த காலம். போன ஐப்பசிப் புயலில் சுப்புராயனின் பழைய படகு கரையில் மோதி விறகாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் அடுத்தவர் படகில் ஆளாகப் போய்வந்தார். வீட்டுக்கு வந்தால் யாரிடமும் பேசமாட்டார். சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவருடைய மகள் நீலாவுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பழைய நைனா திரும்பி வர வேண்டும் என்றால் இந்தப் படகு பத்திரமாகக் குப்பம் போய்ச் சேர வேண்டும்.

நீலாவுக்குப் பத்து வயது. பிடித்தால் விடமாட்டாள். குழம்பில் உப்பு இல்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அம்மா வந்து உப்புப் போடும்வரை தட்டைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ரகம்.

படகை டிரெய்லரில் ஏற்றியதும் கட்டும் வேலையை அவளுடைய மாமா மாரியப்பன் எடுத்துக்கொண்டார். குப்பத்தில் கட்டுமரம் கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மூன்று கயிறுகளையும் தொட்டித் தண்ணீரில் நன்றாக ஊறவைத்தார்.

"எதுக்கு மாமா நனைக்கிற?" என்று கேட்டாள் நீலா.

"பின்னே? காஞ்ச கயித்துல கட்டறதுக்கு நான் இன்னா பந்தல் போடறவனா? ஈரக் கயிறுதான் சொன்ன பேச்சு கேக்கும்."

மூக்கில் ஒன்று, நடுவில் ஒன்று, வாலில் ஒன்று. மூன்றையும் இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டார். முடிச்சைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டார்.

"நீயும் மாமாவும் லாரி மேல பின்னாடி குந்திக்குங்க" என்றார் சுப்புராயன். "படகு மேலயே கண்ணு இருக்கணும். இன்னா?"

"சரி நைனா" என்றாள் நீலா.

சுப்புராயன் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். லாரி கிளம்பியது. தண்டையார்பேட்டையில் பையன்கள் கூட்டமாகப் பின்னால் ஓடிவந்தார்கள். ஒரு டீக்கடைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னாபா, கடல் வத்திப்போச்சா?"

"இல்லபா" என்றார் மாமா. "படகுக்கு ஊரைச் சுத்திப் பாக்கணுமாம்."

திருவொற்றியூர்க் கோபுரம் தெரியும்போது வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. கண் வைத்திருக்க வேண்டிய மாமா, சாக்கு மூட்டைமேல் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நீலா மட்டும் படகைப் பார்த்தபடி வந்தாள்.

டிரெய்லரின் முன்பக்கத்தில் ஓர் இரும்பு முளை இருந்தது. ராயபுரத்தில் கிளம்பும்போது படகின் மூக்கு அந்த முளைக்குப் பின்னால் இருந்தது. இப்போது முளையைத் தாண்டி ஒரு சாண் முன்னால் வந்திருந்தது.

நீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அந்த நேரம் லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. படகு தடாலென்று குதித்து உட்கார்ந்தது.

"மாமா, ஏந்திரி. படகு நவுருது."

"சும்மா கெட கண்ணு. என் முடிச்சு நவுராது" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார் மாமா.

அவள் முன்னால் போய் டிரைவர் கூரையைத் தட்டினாள். இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நல்லவேளையாக முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. லாரி நின்றது.

நீலா குதித்து இறங்கி டிரெய்லரிடம் ஓடினாள். மூக்குக் கயிற்றின் அடியில் கையை விட்டாள். கை தாராளமாக உள்ளே போனது. காலையில் அங்கே ஒரு விரல்கூட நுழைந்திருக்காது.

"நைனா, இங்க வந்து பாரு. கயிறு லூஸாயிடுச்சு."

சுப்புராயன் வந்தார். மாமாவும் கொட்டாவி விட்டுக்கொண்டே இறங்கிவந்து முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"முடிச்சு போட்டது போட்டபடி கீது. ஒண்ணும் அவுரல."

"முடிச்சு அவுரல மாமா. கயிறு நீண்டுபோச்சு."

"கயிறு இன்னா பாம்பா, நெளிஞ்சு நீளறதுக்கு?" என்று சிரித்தார் மாமா.

ஹுமாயூன் பாய் பின்னால் எட்டிப் பார்த்தார். லாரிக்குப் பின்னால் மாட்டு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. "சுப்புராயா, கேட் தொறந்தா நிக்க முடியாது. சாயங்காலத்துக்குள்ள டிரெய்லரை மரவாடில வுடணும்" என்றார்.

சுப்புராயன் முடிச்சைப் பார்த்தார், மைத்துனரைப் பார்த்தார். மாரியப்பனின் முடிச்சை நம்பித்தான் அவர் இத்தனை வருஷம் கடலுக்குப் போய்வந்தார். சந்தேகப்பட அவருக்கு மனசு வரவில்லை.

நீலா விடவில்லை. கயிற்றைத் தடவிப் பார்த்தாள். மொறமொறவென்று காய்ந்துகிடந்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். வீட்டில் துணி காயப்போடும் கயிறு நினைவுக்கு வந்தது. வெயில் காலத்தில் அது தொய்ந்துபோய் அம்மாவின் புடவை மண்ணில் புரளும். மழை பெய்தால் அதே கயிறு விறைத்துக்கொண்டு மேலே ஏறிவிடும். அவள் எகிறித்தான் துணியை எடுக்க வேண்டும்.

"பாய், இன்ஜினுக்கு ஊத்தற தண்ணி கீதா?"

"இன்ஜின் தண்ணி இன்ஜினுக்கு பாப்பா."

"ஒரு டப்பா போதும் பாய்."

அவள் நின்ற நிற்பைப் பார்த்துவிட்டு ஹுமாயூன் பாய் மறுபேச்சில்லாமல் தகர டின்னை எடுத்துக் கொடுத்தார். நீலா நடுக்கயிற்றின்மேல் மட்டும் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினாள். மற்ற இரண்டையும் தொடவே இல்லை.

"இன்னா பண்ற?" என்றார் மாமா.

"ரயிலு போவட்டும், அப்புறம் பாரு."

நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி வந்தது. ஆடி அசைந்து போனது. பெட்டிகள் முடிவதாகத் தெரியவில்லை. நீலா அவ்வப்போது கயிற்றில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தாள். கடைசிப் பெட்டி கடந்ததும் நைனாவின் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"நைனா, மூக்குக் கயித்துல கைய வுடு."

விட்டார். போனது.

"இப்ப நடுக்கயித்துல வுடு."

அவர் கை நுழையவில்லை. விரலால் தட்டிப் பார்த்தார். கயிறு டங் என்றது. மாமாவும் தட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோனது.

"காலைல நனைச்சுக் கட்டினே. அப்ப கயிறு சுருங்கியிருந்துச்சு" என்றாள் நீலா. "வெயில்ல காஞ்சதும் நீண்டுக்கிச்சு. இன்னும் காஞ்சா இன்னும் லூஸாவும் மாமா."

"எங்க அப்பா காலத்துலேருந்து நனைச்சுத்தான் கட்டறோம்" என்றார் மாமா. அவர் குரல் இப்போது கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அது கடலுக்கு. கடல்ல கயிறு காயாது. இது ரோடு."

கேட் திறந்தது. பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் கத்த ஆரம்பித்தார்கள். "அதான் ஒண்ணு இறுகிடுச்சே, மத்ததுலயும் தண்ணி ஊத்திடுவோம், கெளம்பு" என்றார் ஹுமாயூன் பாய்.

"ஊத்தினா மறுபடியும் காயும். எண்ணூர் வரைக்கும் ஊத்தத் தண்ணி ஏது?" என்றாள் நீலா. "எல்லாத்தையும் அவுத்துட்டுக் காஞ்ச கயித்துல கட்டணும்."

"பாப்பா, வழிய வுடு."

நீலா லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். பின்னால் வண்டிக்காரர்கள் திட்டுவது காதில் விழுந்தது. ஆனாலும் அவள் நகரவில்லை. அந்தப் படகு கவிழ்ந்தால் நைனா மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். அதற்கு இவர்கள் திட்டுவதே மேல்.

சுப்புராயன் மகளைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம், "பாய், வண்டியை ஓரம் கட்டு" என்றார்.

லாரி ஓரமாக ஒதுங்கியது. மாட்டு வண்டிகள் கடந்து போயின. கத்திய வண்டிக்காரர்களில் ஒருவர், கயிற்றை அவிழ்ப்பதைப் பார்த்துவிட்டுத் தன் வண்டியை நிறுத்தி, "நானும் ஒரு கை குடுக்கறேன்" என்று இறங்கினார். நாலு பேருமாகச் சேர்ந்து படகைப் பின்னுக்குத் தள்ளிப் பழைய இடத்தில் வைத்தார்கள்.

நனைந்த நடுக்கயிற்றை ஒதுக்கிவிட்டு, லாரியில் கிடந்த காய்ந்த கயிறு ஒன்றை ஹுமாயூன் பாயே எடுத்துக் கொடுத்தார். மாமா காலை ஊன்றிக்கொண்டு பல்லைக் கடித்து இழுத்தார்.

"காஞ்ச கயிறு கையைக் கிழிக்குது" என்று முனகினார்.

"பந்தல்காரனுக்குக் கிழிக்காது மாமா" என்றாள் நீலா.

"வாயப் பாரு" என்றார் மாமா. ஆனால் சிரித்துவிட்டார்.

படகின் இரண்டு பக்கமும் ஆடாமல் இருக்க நீலா சாக்குகளை மடித்துத் திணித்தாள். மூக்குக்கு முன்னால் ஒரு கட்டையைக் குறுக்கே வைத்து அடிக்கச் சொன்னாள். கடைசியாக மூன்று கயிறுகளிலும் கையை விட்டுப் பார்த்தாள். விரல் நுனிகூடப் போகவில்லை.

"போவலாமா?" என்று கேட்டார் சுப்புராயன். அவர் கேட்டது ஹுமாயூன் பாயை அல்ல.

"போவலாம் நைனா."

தண்டவாளத்தில் டிரெய்லர் கடகடவென்று ஏறி இறங்கியது. நீலாவும் மாமாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். லாரி குலுங்கியது, டிரெய்லர் குலுங்கியது, மாமாவின் மீசைகூடக் குலுங்கியது. படகின் மூக்கு முளைக்குப் பின்னாலேயே இருந்தது. அதற்குப் பிறகு எண்ணூர் வரும்வரை மாமா தூங்கவே இல்லை.

குப்பமே கரையில் கூடியிருந்தது. நீலாவின் அம்மா அங்கம்மா கற்பூரத் தட்டோடு முன்னால் நின்றாள். படகுக்குத் திருஷ்டி கழித்துத் தேங்காய் உடைத்தார்கள்.

புதுப் படகின் முதல் முடிச்சைப் படகுக்காரர்தான் அவிழ்க்க வேண்டும். எல்லாரும் விலகி சுப்புராயனுக்கு வழிவிட்டார்கள். அவர் கயிற்றருகே போனார். பிறகு ஒதுங்கி நின்றுகொண்டு மகளைக் கூப்பிட்டார்.

"நீ அவு நீலா."

கூட்டத்தில் யாரோ, "சின்னப் பொண்ணா?" என்றார்கள். "இவ சொல்லித்தான் படகு பத்திரமா வந்துச்சு. இவதான் அவுக்கணும்" என்றார் மாரியப்பன் மாமா.

நீலா முடிச்சில் கை வைத்தாள். மாமா போட்ட முடிச்சு அத்தனை சுலபத்தில் அவிழுமா? இழுத்தாள். நகத்தால் நெம்பினாள். பல்லைக்கூட வைத்துப் பார்த்தாள். உதவிக்கு வந்த இரண்டு பேரைச் சுப்புராயன் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். நீலாவும் யாரையும் கூப்பிடவில்லை.

கடைசியில் முடிச்சு இளகியது. கயிறு சரிந்து மணலில் விழுந்தது.

நைனா வாய்விட்டுச் சிரித்தார். புயலுக்குப் பிறகு அன்றுதான் குப்பம் அந்தச் சிரிப்பைக் கேட்டது.