எருமை, பூட்டு, மாம்பழம்

சென்னிமலை சட்டைப் பொத்தான்களைப் போட்டான். கழற்றினான். மறுபடி போட்டான். புழக்கடையிலிருந்த அவன் மனைவி நாச்சம்மாள் கதவிடுக்கில் புகையைக் கண்டு உள்ளே ஓடிவந்தபோது, அடுப்பில் பால் பொங்கிப் பாத்திரமே கருகிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்ற மனுசன் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

"ஏனுங்க, பால் தீயறது தெரியலீங்களா?"

அவன் சிரித்தான். யார் ஊட்டுப் பாலோ என்கிற சிரிப்பு.

குடிக்கிறான் என்றது கொழிஞ்சாம்பாறை ஊர். பாவி, அவளும் நம்பி ஒரு வருசம் திட்டித் தீர்த்திருந்தாள். எழுபத்திரண்டில் ஊரில் பெயிண்ட் செட்டு திறந்த நாளிலிருந்து பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன், கள்ளைத் தொட்டதே இல்லை.

அன்றே பாலக்காட்டுக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் அவன் விரல்களின் நடுக்கத்தைப் பார்த்தார். "மூணு சொல் சொல்றேன், மனசுல வெச்சுக்குங்க. எருமை, பூட்டு, மாம்பழம்."

பிறகு வேலையைப் பற்றிக் கேட்டார். "செட்டுல ஜன்னல் திறந்திருக்குமா?"

"கணவாய்க் காத்துல தூசி வந்து ஈரப் பெயிண்டுல ஒட்டிக்குமுங்க," என்றாள் நாச்சம்மாள். "சந்து பொந்தெல்லாம் ஈரச் சாக்கு வெச்சு அடைச்சுப்போட்டுத்தான் அடிப்பாங்க."

டாக்டரின் பேனா நின்றது. சென்னிமலையிடம் திரும்பினார்.

"அந்த மூணு சொல்?"

உதடு அசைந்தது. ஒன்றுகூட வரவில்லை.

"இது குடியில்லைம்மா. பெயிண்டுல கலக்கற தின்னரோட ஆவி மூளையைக் கெடுத்திருக்கு. போனது திரும்பும்னு சொல்ல முடியாது. வீட்டுல வேற யாராவது தின்னர்ல புழங்கறாங்களா?"

"இல்லீங்க."

கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். செட்டின் பெயிண்ட் துணிகளைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்னரில் அலசிக் கொடுப்பவள் அவள்தான். நாலு வருசமாக. இனி அடுப்பெரிய அந்த ஒரு வேலைதான் மிச்சம். முன்னெல்லாம் நெடியில் தலை சுற்றும். வரவரப் பழகிவிட்டது என்று நினைத்திருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அவன் அவள் தோளில் சாய்ந்து தூங்கினான். இத்தனை திட்டியும் இந்தத் தோள்தானே என்று அவளுக்கு அழுகை வந்தது. எதிர்ச் சீட்டில் பெருமாட்டி ஊர்க்காரி ஒருத்தி, மடியில் கூடை நிறைய மஞ்சளாகப் பழுத்த பழம்.

"பஸ்ஸே மணக்குதே," என்றார் கண்டக்டர்.

நாச்சம்மாள் மூச்சை இழுத்தாள்.

ஒன்றுமில்லை.

காலையிலும் பால் தீய்ந்தது மணக்கவில்லை. புகையைக் கண்டுதான் ஓடிவந்தாள்.

எருமை. பூட்டு.

எருமை. பூட்டு...

கூடையையே வெறித்துப் பார்த்தபடி, மூன்றாவதைத் தேடினாள்.